கேசவ சந்திர சேனும் ஒரு கல்யாணச் சட்டமும்

ஆஸ்லோவில் கல்யாணம் செய்துகொள்ள முதலில் வரித்துறைக்கு எழுத வேண்டும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மக்கள் பதிவேடு அவர்களிடம் இருப்பதால், இரண்டு பேரும் மணம் புரியத் தகுதியானவர்களா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது அவர்கள் வேலையாம். அந்தச் சான்றிதழோடு நகராட்சிக்குப் போனால் நாள் குறித்துத் தருவார்கள். படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முன்பு மணமானவரா, நெருங்கிய ரத்த உறவா என்பது போன்ற கேள்விகள். கூடவே நம்மை அறிந்த ஒருவர், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று கையெழுத்திட வேண்டும். என் தரப்பில் கையெழுத்திட்டவர் அலுவலக நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் படிவத்தை மூன்றாம் முறையாக மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதைக் கண்டு, எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். மதம் என்கிற கட்டத்தைத் தேடுகிறேன் என்றேன். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

தேடியதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது இந்துக் குடும்பத்தில். என் மனைவி பிறந்தது முஸ்லிம் குடும்பத்தில். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆஸ்லோவுக்கு வருவதற்கு முன்பு, எம்.ஈ. முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரிலேயே பதிவு செய்துகொள்ள முயன்றோம். என் அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றினால் போதும், 1967இலேயே அண்ணா சட்டம் கொண்டுவந்துவிட்டார் என்று அப்பா உறுதியாகச் சொன்னார். விசாரித்தால், அந்தச் சட்டம் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7ஏ என்ற பிரிவாகச் செருகப்பட்டது, இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் மணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று தெரிந்தது. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

எஞ்சியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். நாங்கள் போன அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையானவர்தான். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதில் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் இருக்கும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவோம், 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று நிதானமாக விளக்கினார். அந்த அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் அவளுடைய பெரியப்பாவின் செருப்புக்கடை இருந்தது. நாங்கள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். வெளிநாட்டில் இந்தியத் தூதரகம் வழியாகச் செய்யலாமே என்றால், 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டத்திலும் அதே அறிவிப்பு, அதே 30 நாள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று புரியாவிட்டால், அதை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார்கள் என்று பழைய பதிப்புகளைப் புரட்டிக்கொண்டே போவோம். இந்தச் சட்டத்தையும் அப்படிப் புரட்டினேன். முதல் பதிப்பு 1872இல் கிடைத்தது. அதை எழுத வைத்தவர் கேசவ சந்திர சேன். பள்ளிப் புத்தகத்தில் பிரம்ம சமாஜம் என்ற தலைப்பின் கீழ் ராஜாராம் மோகன்ராய்க்கும் தேவேந்திரநாத் தாகூருக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு வரியில் வரும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

கேசவர் பிறந்தது 1838 நவம்பர் 19, கல்கத்தாவில். வைத்திய சாதியைச் சேர்ந்த வசதியான வைணவக் குடும்பம். தாத்தா ராம்கமல் சேன் ஆங்கில வங்காள அகராதி தொகுத்தவர், வங்காள வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். கேசவருக்குப் பத்து வயதாகும்போது தந்தை இறந்துபோனார். வீட்டுப் பெரியவர்கள் 1856இல் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 17 வயது. மணமகள் ஜகன்மோகினி சிறுமி. அந்தக் காலத்தில் இதில் யாருக்கும் அதிசயம் இல்லை. பிற்பாடு பெண்களின் திருமண வயது பற்றிக் கடிதம் கடிதமாக எழுதப்போகும் மனிதரின் சொந்தக் கல்யாணம் இப்படித்தான் தொடங்கியது.

1857இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். விக்கிரகம் இல்லாத, ஒரே கடவுளை வழிபடும் அந்தச் சிறு கூட்டத்துக்கு அப்போது தலைவர் தேவேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாதரின் தந்தை. 1859இல் தேவேந்திரநாதரும் அவர் மகன் சத்யேந்திரநாதரும் இலங்கைக்குக் கப்பல் ஏறியபோது கேசவரும் உடன் போனார். கடல் தாண்டினால் சாதி போகும் என்று நம்பிய குடும்பத்துப் பிள்ளை. திரும்பி வந்ததும் வங்காள வங்கியில் குமாஸ்தா வேலை. 1861இல் அதை உதறிவிட்டு முழுநேரமும் சமாஜத்துக்கே வந்துவிட்டார். அதே ஆண்டு இந்தியன் மிரர் பத்திரிகை தொடங்கியது.

1862 ஏப்ரலில் தேவேந்திரநாதர் அவரைச் சமாஜத்தின் ஆசாரியராக்கினார். அப்போது வயது 23. அன்று கேசவர் தம் மனைவியையும் ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் வீட்டுக்கு அழைத்துப்போக நினைத்தார். தாகூர் குடும்பம் சாதியில் தாழ்வாகக் கருதப்பட்ட பிராலி பிராமணர்கள். அங்கே போய்ச் சாப்பிட்டு வந்தால் வீட்டுப் பெண்ணுக்கு மானம் போகும் என்று உறவினர் தடுத்தார்கள். ஜகன்மோகினி கணவரோடு வாசல் தாண்டினார். திரும்பிவர வழியில்லாமல் இருவரும் சில மாதங்கள் தாகூர் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. அவர் வாழ்க்கையில் இதை ஒரு முக்கியமான இடமாக நான் நினைக்கிறேன். சட்டம், மசோதா எல்லாம் பிறகு வந்தவை. முதலில், ஒரு வாசல் நம் முன்னால் மூடப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அனுபவமாகத் தெரிந்தது.

1864இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்தார். அவர் பேச்சைக் கேட்ட சென்னைக்காரர்கள் அதே ஆண்டு வேத சமாஜம் தொடங்கினார்கள். தத்துவபோதினி என்ற தமிழ்ப் பத்திரிகையும் நடத்தினார்கள். ஆனால் நம்மவர்கள் எச்சரிக்கையானவர்கள். கல்யாணச் சடங்கும் சாவுச் சடங்கும் வழக்கப்படியே நடக்கட்டும், அவற்றுக்கு மத அர்த்தம் கிடையாது, வெறும் வழக்கம் என்று வைத்துக்கொள்வோம் என்று உறுதிமொழியிலேயே எழுதிக்கொண்டார்கள். ஸ்ரீதரலு நாயுடு கல்கத்தா போய்த் தங்கிக் கற்றுவந்து, 1871இல் அதைத் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றிய பிறகுதான் நிலைமை சற்று மாறியது.

கல்கத்தாவில் இந்தச் சமாதானம் கேசவருக்குப் போதவில்லை. மனத்தில் விக்கிரகம் இல்லை, மணவறையில் மட்டும் இருக்கட்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1861இலேயே தேவேந்திரநாதர் தம் மகளின் திருமணத்தை விக்கிரகச் சடங்குகளை நீக்கி நடத்தியிருந்தார். இளைஞர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய் வெவ்வேறு சாதியினரிடையே மணம் செய்துவைத்தார்கள்; விதவைகளுக்கும் மணம் செய்துவைத்தார்கள். வேதியில் அமர்பவர் பூணூல் போட்டிருக்கலாமா என்பதில் தொடங்கிய பூசல் முற்றி, 1866 நவம்பரில் சமாஜம் இரண்டாக உடைந்தது. கேசவரோடு போனவர்கள் இந்திய பிரம்ம சமாஜம் ஆனார்கள். தேவேந்திரநாதரோடு தங்கியவர்கள் ஆதி பிரம்ம சமாஜம் என்று பெயர் பெற்றார்கள்.

*

இந்தப் புதுமுறைக் கல்யாணங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்வி சீக்கிரமே எழுந்தது. வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலிடம் கருத்துக் கேட்டார்கள். இந்து முறையிலும் சேராத, முஸ்லிம் முறையிலும் சேராத இந்தக் கல்யாணங்கள் செல்லாது என்று பதில் வந்தது. அதன் பொருள், மணமான பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை. அவர்களின் குழந்தைகளுக்குச் சொத்தில் பங்கு கேட்கவும் வழியில்லை. கேசவர் நடத்திவைத்த ஒவ்வொரு கல்யாணமும் யாரோ ஒரு பெண்ணின் தலையில் இந்த ஆபத்தை ஏற்றிவைத்திருந்தது.

1868இல் சிம்லாவுக்குப் போய் வைஸ்ராய் லாரன்ஸைச் சந்தித்தார். சட்ட உறுப்பினர் ஹென்ரி மெயின் ஒரு மசோதா எழுதினார். தாராளமான மசோதா அது. கிறிஸ்தவர் அல்லாத எந்த இந்தியரும், தம் மதத்தின் கல்யாணச் சடங்குகளில் விருப்பமில்லையென்றால், பதிவாளர் முன்னிலையில் மணம் புரியலாம். மாகாணங்களுக்குக் கருத்துக் கேட்டு அனுப்பியபோது, எங்கிருந்து பார்த்தாலும் எதிர்ப்பு. சாதி குலையும், கூட்டுக்குடும்பம் உடையும், பிள்ளைகள் பெற்றோரை மதிக்கமாட்டார்கள் என்றார்கள். மெயின் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் மசோதாவைச் சுருக்கி, பிரம்ம சமாஜத்தாருக்கு மட்டும் என்று எழுதினார்.

இடையில், 1870இல், கேசவர் இங்கிலாந்து போய்வந்தார். விக்டோரியா மகாராணி, பிரதமர் கிளாட்ஸ்டன், மாக்ஸ் முல்லர் எல்லோரையும் சந்தித்தார். ஊர் ஊராகப் பேசினார். திரும்பியதும் காலணா விலையில் சுலப சமாசார் என்ற வங்காளப் பத்திரிகை, பெண்களுக்குப் பள்ளி, தொழிலாளருக்கு வகுப்பு என்று வேலைகளைத் தொடங்கினார். கல்யாண மசோதாவுக்காக அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் புதிதாகத் தெரிகிறது. 1871இல் கல்கத்தாவின் பெயர்பெற்ற மருத்துவர்களுக்கு, வெள்ளையர் இந்தியர் இருவருக்குமே, கடிதம் எழுதி, பெண்ணுக்கு மணம் செய்யத் தகுந்த குறைந்தபட்ச வயது எது என்று கேட்டார். மகேந்திரலால் சர்க்காரும் பதில் எழுதியவர்களில் ஒருவர். பலர் பதினாறு என்றார்கள், சிலர் அதற்கும் மேலே போனார்கள். நாடு அவ்வளவு தாங்காது என்று கருதி, தொடக்கத்துக்கு 14 என்று வைத்துக்கொள்ள கேசவர் இணங்கினார்.

அடுத்த தடை பழைய வீட்டிலிருந்தே வந்தது. ஆதி சமாஜத்தார் அரசுக்கு மனு எழுதினார்கள். நாங்கள் பிரம்மர்கள், ஆனால் இந்துக்கள். பிரம்மர்களுக்கென்று தனிக் கல்யாணச் சட்டம் வந்தால் எங்களை இந்து சமூகத்திலிருந்து வெளியே தள்ளியதாகும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஸ்டீபன் இதற்கு ஒரு வழக்கறிஞரின் தீர்வைக் கண்டார். பிரம்மர் என்ற பெயரையே எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, மணமகனும் மணமகளும் தாங்கள் கிறிஸ்தவர் அல்ல, யூதர் அல்ல, இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, பார்சி அல்ல, பௌத்தர் அல்ல, சீக்கியர் அல்ல, சமணர் அல்ல என்று கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்திடுபவர்கள் சாதி, குலம் எதுவும் பாராமல் மணம் புரியலாம்.

கேசவர் இதை ஏற்றுக்கொண்டார். இந்து என்ற சொல்லுக்குள் நாங்கள் அடங்கமாட்டோம் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். வைணவக் கீர்த்தனையைப் பிரம்ம சமாஜத்துக்குள் கொண்டுவந்தவர், மிருதங்கத்தோடு தெருவில் பாடிப் போனவர், அந்த வாக்கியத்துக்குத் தலையசைத்தார். சட்டம் வேண்டியிருந்தது, அதற்கு அந்த விலை என்றார்கள், கொடுத்தார்.

1872 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டின் மூன்றாவது சட்டம். முந்தைய மாதம்தான் வைஸ்ராய் மேயோ அந்தமானில் கொலையுண்டிருந்தார். தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர் சென்னை கவர்னர் நேப்பியர், சென்னையில் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர். ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14, ஒருவனுக்கு ஒருத்தி, பதிவாளருக்கு 14 நாள் முன்னறிவிப்பு. அந்த அறிவிப்பு ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கப்படும், விரும்புகிறவர் வந்து பார்க்கலாம். எங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்ட 30 நாளின் மூதாதை இந்த 14 நாள்தான்.

இந்த இடத்தில் நார்வே ஞாபகம் வந்தது. இங்கேயும் சட்டம் முதலில் இப்படித்தான் பேசியிருக்கிறது. 1814 அரசியல் சட்டம் லுத்தரன் மதத்தை அரசு மதமாக்கியது. யூதர்கள் நாட்டுக்குள் வரவே தடை, 1851வரை. 1845 ஜூலை 16இல் வந்த சட்டம்தான் அரசு திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்களுக்கு அரசு அதிகாரி முன்னிலையில் மணம் புரிய வழி செய்தது. திருச்சபையை விட்டு விலகியவர்களுக்குத்தான் அந்த வழி. உள்ளே இருந்துகொண்டே வேறு வாசலில் போக முடியாது. படிவத்தில் மதம் இல்லாத நிலைக்கு இந்த நாடும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

*

இனி 1878. கேசவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தயங்கி நிற்கும் இடம்.

கூச் பிகார் சமஸ்தானத்தின் மகாராஜா நிருபேந்திர நாராயணன் சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்தவர். பிரிட்டிஷ் அதிகாரிகளின் பொறுப்பில் வளர்ந்தவர். அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப அதிகாரிகள் விரும்பினார்கள். கல்யாணம் ஆகாமல் கடல் தாண்ட அரண்மனைப் பெண்கள் சம்மதிக்கவில்லை. படித்த, நவநாகரிகமான ஒரு குடும்பத்துப் பெண் வேண்டும் என்று தேடிய அதிகாரிகள் கேசவரின் மூத்த மகள் சுநீதியைக் கேட்டு வந்தார்கள். சுநீதி பிறந்தது 1864 செப்டம்பர் 30. மகாராஜா பிறந்தது 1862 அக்டோபர் 4. பெண்ணுக்குப் பதினான்கு நிரம்ப ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி. பையனுக்குப் பதினெட்டுக்கு இரண்டரை ஆண்டு பாக்கி. கேசவரே பாடுபட்டு வாங்கிய சட்டத்தின்படி இருவருமே வயதுக்கு வராதவர்கள்.

சட்டம் அவரைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. மகாராஜா பிரம்மர் அல்ல, சமஸ்தானத்தில் அந்தச் சட்டம் செல்லாது. இப்போது நடப்பது நிச்சயதார்த்தம் போன்றது, வயது வரும்வரை இருவரும் சேர்ந்து வாழமாட்டார்கள், விக்கிரக வழிபாடு இருக்காது என்றெல்லாம் வாக்குறுதி தந்தார்கள். கேசவர் தம் மனச்சாட்சிக்குள் கடவுளின் ஆணையைக் கேட்டதாக நம்பினார். சமாஜத்து இளைஞர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அந்த இளைஞர்களில் பலர் அவர் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள், அவர் சட்டப்படி மணந்தவர்கள்.

1878 மார்ச் 6, கூச் பிகார். கல்யாணக் கூட்டம் போய்ச் சேர்ந்த பிறகு வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அரண்மனைப் புரோகிதர்கள் தங்கள் முறையே நடக்க வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தை இரவுவரை இழுத்தது. கடைசியில் கன்னிகாதானம் செய்து கொடுக்கும் இடத்தில் கேசவர் உட்காரக்கூடாது என்றார்கள். அவர் சீமைக்குப் போய்வந்தவர், சாதியிலிருந்து விலகியவர். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தது அவருடைய தம்பி கிருஷ்ணபிகாரி.

இதைப் படித்த இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் சட்டத்துக்காக அவர் ஒப்புக்கொண்ட வாக்கியத்தை அரண்மனை அப்படியே எடுத்துக்கொண்டது. இந்து இல்லை என்றீர்களே, சரி, இங்கே உங்களுக்கு இடமில்லை. சொந்த மகளின் கல்யாணத்தில் ஓரமாக நின்ற அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்தது. அதற்கு அடுத்த கணமே, பதின்மூன்று வயதுப் பெண் நினைவுக்கு வந்து அந்தப் பரிதாபம் கோபமாயிற்று. இரண்டில் ஒன்றை இன்றுவரை என்னால் கைவிட முடியவில்லை.

கல்கத்தாவில் சமாஜம் கொதித்தது. ஆசாரியர் பதவியிலிருந்து அவரை நீக்கக் கூட்டம் கூட்டினார்கள். கோயிலை யார் வைத்திருப்பது என்பதில் போலீஸ்வரை போயிற்று. 1878 மே 15இல் சிவநாத் சாஸ்திரி, ஆனந்த மோகன் போஸ் முதலியோர் வெளியேறி சாதாரண் பிரம்ம சமாஜம் கண்டார்கள். தனி ஒருவரின் மனத்துக்குள் ஒலிக்கும் ஆணைக்கு இனி இடமில்லை, எல்லாம் வாக்கெடுப்பில்தான் என்று விதி எழுதினார்கள். தேவேந்திரநாதருக்கு அவர் செய்ததை அவருடைய சீடர்கள் அவருக்குச் செய்தார்கள்.

அதன் பிறகு கேசவர் வேறொரு பக்கம் திரும்பினார். 1875 முதலே தட்சிணேசுவரத்து ராமகிருஷ்ணரோடு பழக்கம் உண்டு. ராமகிருஷ்ணரைப் படித்த கல்கத்தாவுக்கு அறிமுகம் செய்ததில் கேசவரின் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1880களின் தொடக்கத்தில் நவவிதானம் என்ற பெயரில் எல்லா மதங்களையும் ஒன்றாக அணைக்கும் புதிய நெறி ஒன்றை அறிவித்தார். வேதம், பைபிள், குரான், பௌத்த நூல்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து மொழிபெயர்க்கச் சீடர்களை ஆளுக்கொரு மதத்துக்கு நியமித்தார். கிரீஷ் சந்திர சேன் குரானை வங்காளத்தில் கொண்டுவந்தது அப்படித்தான். எட்டு மதங்களையும் நான் சேர்ந்தவன் அல்ல என்று சொல்லச் சம்மதித்தவர், கடைசியில் எல்லா மதமும் என்னுடையது என்று வந்து நின்றார். நீரிழிவு அவரை உருக்கியது. 1884 ஜனவரி 8இல், 45 வயதில், காலமானார்.

*

அவர் வாங்கித் தந்த சட்டம் அவரைவிட நீண்ட காலம் இருந்தது. சரோஜினி 1898இல் சென்னையில் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தது அந்தச் சட்டப்படி. டாக்டர் முத்துலட்சுமி 1914இல் சுந்தர ரெட்டியை மணந்ததும் அதன்படிதான். சாதி விட்டுச் சாதி மணக்க விரும்பிய எத்தனையோ இந்துக்கள், தாங்கள் இந்துக்கள் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு மணந்தார்கள். கையெழுத்து அங்கே, மனம் வேறெங்கோ.

1911இல் பூபேந்திரநாத் பாசு அந்த மறுப்பு வாசகத்தை நீக்க மசோதா கொண்டுவந்தார். ஆதரித்தவர்களில் முகமது அலி ஜின்னாவும் ஒருவர். தோற்றது. ஜின்னா 1918இல் பார்சிப் பெண்ணான ரத்தியை மணந்தபோது, ரத்தி இஸ்லாத்துக்கு மாறிய பிறகே மணம் நடந்தது. 1923இல் ஹரி சிங் கௌர் ஒரு திருத்தத்தை வென்றெடுத்தார். இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் தங்களுக்குள் மறுப்பில்லாமல் மணக்கலாம். பதிலாக, அப்படி மணந்தவர் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கொள்ளப்படும். அவர் ஒரே மகன் என்றால், தந்தை வேறொரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கொள்ளலாம்! மகன் செத்துப்போனதாகவே சட்டம் கணக்கெழுதியது. இந்துவும் பார்சியும் மணக்க அப்போதும் வழியில்லை. 1942இல் இந்திராவும் பெரோஸ் காந்தியும் வைதிக முறையில் மணந்துகொண்டது, அந்த மணம் சட்டப்படி செல்லுமா என்ற ஐயம் இருக்கும்போதேதான்.

1954இல் நேருவின் அரசு கொண்டுவந்த சட்டம்தான் மறுப்பு வாசகத்தை முழுக்க நீக்கியது. எந்த மதத்தவரும் தம் மதத்திலேயே இருந்துகொண்டு எவரையும் மணக்கலாம். ஆனால் 14 நாள் 30 ஆயிற்று. புத்தகத்தில் இருந்த அறிவிப்பு சுவருக்கு வந்தது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் அறிவிப்பை ஒட்டினால் போதும் என்று தீர்ப்பளித்தது. அதே உத்தரப் பிரதேசத்தில்தான், அதற்கு இரண்டு மாதம் முன்பு, கல்யாணத்துக்காக மதம் மாறுவதைக் குற்றமாக்கும் அவசரச் சட்டம் வந்திருந்தது. மாறவும் கூடாது, மாறாமல் மணக்க வேண்டுமென்றால் சுவரில் ஒட்டுவோம் என்றால், இரண்டு பேர் எங்கேதான் போவது?

கடல் தாண்டிப் போவது, போல. சுநீதி தேவியின் மகன் ஜிதேந்திர நாராயணனும் பரோடா இளவரசி இந்திராவும் காதலித்தபோது, பரோடா அரண்மனை சம்மதிக்கவில்லை. 1913இல் அவர்கள் லண்டனில் ஒரு பதிவு அலுவலகத்திலும் பிரம்ம முறைப்படியும் மணந்துகொண்டார்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி அவர்களுடைய மகள். கேசவருக்குக் கொள்ளுப்பேத்தி. சுநீதி தேவி 1921இல் ஆங்கிலத்தில் தன் வரலாறு எழுதினார். தந்தையை அதில் ஓர் இடத்திலும் குறைசொல்லவில்லை. எனக்கு அது சமாதானமாக இல்லை, அவருக்கு இருந்தது.

*

எங்கள் கல்யாணம் ஆஸ்லோ நகர மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பத்து நிமிடத்தில் முடிந்தது. என் அப்பா கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை மாற்றவில்லையா என்று கேட்டார். யாழ்ப்பாணத்து நண்பர் முன்யோசனையாக இரண்டு மாலை கட்டி எடுத்து வந்திருந்தார். அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, திரையிலும்கூட.

என் மனைவி தொழுகிறாள். ரமலானில் ஆஸ்லோவின் கோடைப் பகல் எவ்வளவு நீண்டாலும் நோன்பு வைப்பாள். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் ஆடிமாதம் அம்மா ஊரில் கூழ் ஊற்றும்போது போனில் அந்தக் கொட்டுச் சத்தத்தைக் கேட்காவிட்டால் எனக்கு என்னவோ போல் இருக்கும். 1872ஆம் ஆண்டின் படிவம் எங்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், அவள் முஸ்லிம் அல்ல என்றும் நான் இந்து அல்ல என்றும் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியிருப்பேன் என்றே நினைக்கிறேன். அவளிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தன்னால் முடிந்திருக்காது என்றாள். அப்படியென்றால் என்று தொடங்கி, நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வருகிற டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் பின் முதல் முறையாக. பெரியப்பாவின் செருப்புக்கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதாம். ஒருநாள் காலையில் போய் அவருக்கு சலாம் சொல்ல வேண்டும் என்கிறாள். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள்.